இடிக்கு முன் எடுத்து வைத்த குரல்

எங்கள் நிலையத்தில் இப்போது இருக்கிற கண் தெரியாத பிள்ளைகள், தேத்தண்ணிக்குச் சீனி போடுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டருக்குத் திரையை வாசிக்கிற குரல் போட்டுவிடுகிறார்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேண்டியவர்கள் எடுக்கலாம், அடுத்தவர்களுக்கும் கொடுக்கலாம் என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்களாம். அது தமிழும் பேசுகிறது. ஆண்டு மலருக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்த அன்றைக்கு ஒரு பிள்ளை கேட்டாள்: "லெச்சுமிம்மா, ஒங்க காலத்துல குரலை அலுமாரில வெச்சுப் பூட்டுவீங்களாமே, மெய்யா?" மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மெய்தான். பூட்டினது நான்தான். சாவி என் இடுப்பில் இருந்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல நிலையத்தில் தட்டுகிறார்கள். என் பேச்சைப் புத்தகத்துக்கு ஏற்ற மாதிரித் திருத்திக்கொள்ளட்டும், கதையை மாற்ற முடியாது. தட்டினதைக் கம்ப்யூட்டர் எனக்கு வாசித்துக் காட்டுகிறது.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மழையில் மலைச்சரிவில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது, கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கையை வைத்துக்கொண்டு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் போய் நிற்க எனக்கு இஷ்டமில்லை. பதுளையில் கண் தெரியாதவர்களுக்குப் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது, கூட்டிப் போக வரக் கண் தெரிந்த பொம்பளை ஒருத்தி வேண்டும் என்றார்கள், போனேன். முதல் வருஷங்களில் கற்றது கொஞ்சம்தான். கண் தெரியாதவர்களைப் பிடித்து இழுக்கக் கூடாது, அவர்கள்தான் நம் முழங்கையைப் பிடிக்க வேண்டும். நாற்காலியை இடம் மாற்றக் கூடாது. கதவைப் பாதி திறந்து வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பாயிற்று.

பொறுப்பாளர் கனகரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், அவருக்கும் கண் தெரியாது. அங்கே இங்கிலீஸ் படிப்பித்தவர், சண்டையில் வீட்டை விட்டுவிட்டு வந்தவர். சட்டையில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. பிள்ளைகளை 'நீர்' என்பார். கோபம் வந்தால் அது 'நீங்கள்' ஆகிவிடும். ஐயா 'நீங்கள்' என்றால் அறையே அடங்கிப்போகும்.

முதலில் வந்தது ஒரு பெட்டி. சாப்பாட்டுப் பெட்டி அளவு இருக்கும், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து வயரால் கொழுவ வேண்டும். கண் தெரிந்தவர்கள் திரையில் பார்க்கிறதை அது இங்கிலீசில், மூக்கால் பேசி வாசிக்கும். பிள்ளைகள் அதற்குத் தொரை என்று பேர் வைத்தார்கள். தொரை பேசினார், தொரைக்குச் சளி பிடித்திருக்கிறது, இன்றைக்குத் தொரை கோபமாக இருக்கிறார், என்று ஒரே கேலி. அந்தப் பெட்டியைக் கேட்டுத்தான் அவர்கள் இங்கிலீஸ் பழகினார்கள். அதனால் எல்லாரும் கொஞ்சம் மூக்கால்தான் பேசுவார்கள்.

காலம் சரியில்லாத காலம் அது, சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சோதனைக்கு வந்தவர்கள் அந்தப் பெட்டியையும் வயரையும் பார்த்தார்கள். பேசுகிற பெட்டி என்று நாங்கள் சொன்னது இன்னும் வம்பாகிவிட்டது. யாரோடு பேசுகிறது என்று கேட்டார்கள். பெட்டியையும் ஐயாவையும் கொண்டு போனார்கள். மறுநாள் என்னையும் வரச் சொன்னார்கள். பெட்டிக்கு நான்தான் வயர் கொழுவினேன். அது எழுந்து இங்கிலீசில் ஏதோ சொன்னதும் பெரிய அதிகாரி சிரித்துவிட்டார். ஆனால் எங்களை விட்டது அந்தச் சிரிப்புக்காக இல்லை. வாங்கின கடுதாசி, லைசன் என்கிற அனுமதிக் கடுதாசி, துறைமுகத்தில் எடுத்த கடுதாசி எல்லாவற்றையும் ஐயா ஒரு பையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் பார்த்த பிறகுதான் போகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது ஐயா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "எங்களிட்ட ஒரு பிழை இருக்கக் கூடாது, லெட்சுமி."

பிறகு பெட்டி பழுதாகிப் போயிற்று. புதிதாக வந்த குரலுக்குப் பெட்டி இல்லை, அது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. அதுவும் மூக்கால்தான் பேசினது, அதனால் பிள்ளைகள் அதையும் தொரை என்றார்கள். ஆனால் ஒரு டிஸ்க் வந்தது, சதுரமாக, உள்ளங்கை அளவில். அந்தக் குரலுக்கான லைசன் அதற்குள்ளே. டிஸ்க்கைப் போட்டால் லைசன் கம்ப்யூட்டருக்குள் இறங்கும், அதற்குப் பிறகு குரல் நிற்காமல் பேசும். திரும்ப டிஸ்க்கிலே ஏற்றவும் செய்யலாம். லைசன் இல்லாவிட்டால் நாற்பது நிமிஷம் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

லைசன் கடுதாசியை ஐயா ஒரு இங்கிலீஸ் ஆசிரியரைக் கொண்டு வாசிக்கச் சொல்லி, தானே புள்ளி எழுத்தில் குத்திக்கொண்டார். பிறகு எல்லாரையும் உட்கார வைத்து, விரலால் தடவித் தடவி, தமிழாக்கிச் சொன்னார்.

"இந்தக் குரலை நாங்கள் வாங்கேல்லை. பாவிக்க அனுமதி தந்திருக்கினம், அவ்வளவுதான். ஒரு லைசனுக்கு ஒரு கம்ப்யூட்டர். இந்தக் கட்டடத்துக்கு வெளியில கொண்டுபோகேலாது. வேற ஆக்களுக்குக் குடுக்கேலாது."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "தோட்டத்துல குடுத்த நம்ம ஒத்த அறைக் காம்பரா மாதிரிதானேங்கய்யா. இருந்துக்கலாம். நம்மளுது இல்ல."

ஐயாவின் விரல் நின்றது. "ஓம்," என்றார். "அப்பிடித்தான்."

அவள்தான் செல்வமலர். லுணுகலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவள். சின்னதில் அம்மை போட்டுக் கண் போனது. வாய்த் துடுக்கு. தட்டச்சில் அவளுக்கு ஈடு இல்லை. மழை தகரத்தில் விழுகிற மாதிரித் தட்டுவாள்.

டிஸ்க்கில் முதலில் இரண்டு லைசன் இருந்தன, இரண்டு கம்ப்யூட்டருக்கு. வந்த வருஷமே ஐப்பசி இடியில் ஒரு கம்ப்யூட்டர் கருகிப் போயிற்று. உள்ளே இறங்கியிருந்த லைசனும் அதோடு போயிற்று. கொழும்பில் இருந்த முகவர், இடிக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். மிஞ்சினது ஒன்று. அன்றைக்கு ஐயா ஒரு சட்டம் போட்டார். காலையில் லைசனைக் கம்ப்யூட்டரில் இறக்க வேண்டும், மத்தியானத்துக்குப் பிறகு, மழை வருவதற்கு முன், டிஸ்க்கில் ஏற்றி அலுமாரியில் பூட்ட வேண்டும்.

"சித்திரையிலயும் ஐப்பசியிலயும் செஞ்சாப் போதாதுங்களா ஐயா? நமுனுகலை மலைப் பக்கம் வானம் கறுத்தா நான் சொல்லிர்றேன்," என்றேன்.

"எனக்கு வானம் தெரியாது. நீர் இல்லாத நாளில ஆர் சொல்லுறது? ஒவ்வொரு நாளும் செய்வம்."

அப்படித்தான் ஒவ்வொரு நாளும் செய்தோம். லைசனை ஏற்றுவதற்குக் குரலை நிறுத்த வேண்டும். குரலை நிறுத்தினால் ஐயாவுக்கு ஒன்றும் தெரியாது. ஏறிவிட்டதா, இல்லையா, நடுவில் நிற்கிறதா, எதுவும் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு என் கண் வேண்டும். ஏறி முடிந்தால் திரையில் ஒரு இங்கிலீஸ் சொல் வரும். அதே சொல்லைப் பெரிதாக எழுதி ஒரு அட்டையை எனக்குத் தந்திருந்தார்கள். நான் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுவேன்.

"ஒரே மாதிரி இருக்குங்கய்யா."

"கடைசி எழுத்து?"

"கடைசி எழுத்துந்தாங்க."

அதற்குப் பிறகுதான் டிஸ்க்கை உருவுவேன். பிளாஸ்டிக் டப்பா, அதற்கு மேல் துணி, பிறகு அலுமாரி. ஐயா பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். வருஷக்கணக்காக இது நடந்தது. நான் ஒரு நாளும் பிந்தினதில்லை.

செல்வமலருக்கு ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை ஒன்று வந்தது. இங்கிலீஸ் தட்டச்சும் டெலிபோனும். கண் தெரியாதவர்களையும் சோதித்துப் பார்க்கிறோம், நிலையத்துக்கே வருகிறோம் என்றார்கள். அந்த வேலை அவளுக்கு எதற்கு வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவளுடைய அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்பா வயது போய்த் தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டார். வேலைக்குப் பேர் இல்லாத குடும்பத்துக்கு எதற்குக் காம்பரா, வேலை செய்கிற குடும்பம் காத்திருக்கிறது, விட்டுக் கொடுங்கள் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வருஷ முடிவு வரைக்கும் தவணை. வேலை கிடைத்தால் பதுளையில் ஒரு அறை எடுத்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவாள். கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் போவதற்கு இடமில்லை.

வேலை கிடைத்தாலும் அங்கே குரல் வேண்டுமே. அந்த அலுவலகம் வாங்கித் தராது. ஐயா கம்பெனிக்கு எழுதினார். எங்களிடம் இருக்கிற ஒரே லைசன் இந்தப் பிள்ளையோடு அவளுடைய வேலைக்குப் போக அனுமதி வேண்டும் என்று கேட்டார். நிலையத்துக்குப் பிறகு என்ன என்று நான் கேட்டேன். "நாங்கள் ஆரிட்டயாவது கேப்பம். அவவுக்கு இப்ப வேணும்," என்றார். கம்பெனி சம்மதித்துப் பதில் போட்டது. செல்வமலர் அன்றைக்கு எல்லாருக்கும் தொரை மாதிரியே பேசிக் காட்டினாள். "தொரையைக் கல்யாணம் கட்டிக் கூட்டிட்டுப் போறேன், லெச்சுமிக்கா. சீதனம் ஒரு டிஸ்க்கு," என்றாள்.

சோதனைக்கு முந்தின கிழமை. காலையில் டிஸ்க்கைப் போட்டேன். கர், கர் என்று அரைத்தது. லைசன் இறங்கவில்லை. உருவித் துடைத்துத் திரும்பவும் போட்டேன். அரைத்தது. திரையில் வந்த சொல் என் அட்டையில் இருந்த சொல் இல்லை. முதல் எழுத்திலேயே வேறு.

"என்ன சொல்லுது?" என்றார் ஐயா.

"தெரியலிங்கய்யா. இது நம்ம சொல்லு இல்ல."

பதுளைக் கடைத்தெருவில் ஃபாரூக் நானாவின் கம்ப்யூட்டர் கடை. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அவர் மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். பிறகு மேலே உள்ள தகட்டை நகர்த்தி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது தேஞ்சு போச்சு, அக்கா. ஒவ்வொரு நாளும் எழுதி அழிச்சீக்கீங்க. பாட்டுக் கெசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டினா என்னாகும்? அதுதான்."

"வழி ஒண்ணும் இல்லையா நானா?"

"வழி ஈக்கு. அதே கொரலு, பூட்டு ஒடச்ச சிடி கொழும்புல ஈக்கு. டிஸ்க்கும் வாணாம் ஒண்ணும் வாணாம். நாளைக்கு பஸ்ஸுல எடுப்பிச்சுத் தாரேன். சல்லியும் வாணாம், அந்தப் புள்ளட வேலைக்குத்தானே."

திரும்பி வந்து இரண்டையும் சொன்னேன், தேய்ந்ததையும் சிடியையும். தேய்ந்ததைக் கேட்டதும் ஐயா நாற்காலியில் உட்கார்ந்தார். "நாங்கள் பாதுகாத்ததிலதான் போயிருக்கு," என்று இங்கிலீசில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னார். பிறகு கொழும்பு முகவரோடு டெலிபோனில் பேசினார். பழுதான டிஸ்க்கைத் தபாலில் அனுப்பினால் கம்பெனி வேறு டிஸ்க் அனுப்பும், ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆகும் என்றார்கள். அலுவலகத்துக்குப் பேசினார். தேதி எல்லாருக்கும் ஒன்றுதான், மாற்ற முடியாது என்றார்கள்.

செல்வமலர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஃபாரூக் நானா சிடி தாறேங்கிறாரேங்கய்யா."

"அது களவு."

"ஆறு கெழமைக்கு மட்டுந்தாங்க. லைசன்தான் நமக்கு இருக்குல்ல. டிஸ்க்குத்தானே ஒடஞ்சுச்சு."

"லைசன் எண்டு காட்டுறதுக்கு என்ன இருக்கு இப்ப? அரசாங்கத்து ஆக்கள் வந்து நிக்கப் போறாங்கள். ஒருத்தன் கேட்டால் என்னத்தைக் காட்டுறது? பெட்டியைக் கொண்டுபோனவங்கள் திரும்பி வந்தால் என்னத்தைக் காட்டுறது? இந்தக் கட்டடத்தைப் பூட்டினால் மற்றப் பிள்ளையள் எங்க போறது?"

"நான் எங்க போறதுங்கய்யா?"

"நீங்கள் போய்ப் பழகுங்கோ," என்றார் ஐயா. அவள் போகவில்லை.

"அப்ப நாப்பது நிமிசத்துல செய்றேன்," என்றாள்.

"அதுவும் பழகிப் பார்க்கிறதுக்கு மட்டும் எண்டுதான் எழுதியிருக்கு."

"சோதனைன்னா பழகிப் பாக்குறதுதானேங்கய்யா."

ஐயா புள்ளிக் கடுதாசியை எடுத்து அந்த இடத்தைத் தேடித் தடவினார். திரும்பத் தடவினார். பிறகு, "சரி," என்றார்.

சோதனை நாளில் ஜீப் சத்தம் கேட்டதும்தான் கம்ப்யூட்டரைத் தொடங்கினோம், ஒரு நிமிஷமும் வீண்போகக் கூடாது என்று. ஒரு அதிகாரியும் அவரோடு ஒரு அம்மாவும், நோனா என்போம், வந்தார்கள், சிங்களவர்கள், மரியாதையானவர்கள். குரலைக் கேட்டதும் அவர்களுக்கு ஆச்சரியம். நோனா தன் பேரை எழுதச் சொன்னார். தொரை அதை மூக்கால் சொன்னார். சிரிப்பு. அந்த அதிகாரி தன் பேரை எழுதச் சொன்னார். பிறகு ஊர்ப் பேர். பிறகு பிள்ளைகளின் பேர். செல்வமலரும் சிரித்துக்கொண்டே எழுதினாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஐயாவின் முழங்கையைத் தொட்டேன். ஐயா சிங்களத்தில் மெதுவாக, தொடங்கலாமா என்று கேட்டார். ஆகட்டும், ஆகட்டும் என்றார்கள். ஆனால் தேத்தண்ணி வந்துவிட்டது. குடித்துவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

முதல் கடிதத்தை நோனா சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒரு பிழை இல்லை என்று நோனாவே சொன்னார். இரண்டாவது, அவர்கள் கொண்டு வந்த கடிதம். அதைக் குரலால் கேட்டு, அதில் உள்ள பிழைகளைத் திருத்த வேண்டும். மேலே இரண்டு வரி திருத்தினாள். மூன்றாவது வரியின் நடுவில் குரல் நின்றது.

அவள் கை தட்டச்சுச் சாவிகளின் மேலேயே இருந்தது. கேட்காத ஒன்றைக் கேட்கப் பார்க்கிற மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் நின்றது என்று அந்த அதிகாரி கேட்டார். பழுது என்று சொல்லியிருக்கலாம். மின்சாரம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் யாரும் நம்புவார்கள். ஐயா எழுந்து நின்று உள்ளதைச் சொன்னார், லைசன், டிஸ்க், நாற்பது நிமிஷம், ஆறு கிழமை, கம்பெனி எழுதின கடிதம், எல்லாம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ இப்போ லைசன் இல்லை," என்றார் தமிழில்.

"இப்ப இல்லை."

நான் கம்ப்யூட்டரை நிறுத்தித் தொடங்கினேன். பழைய கம்ப்யூட்டர். அது எழுந்து வருவதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். அடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். போகும்போது நோனா செல்வமலரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று.

வருஷம் முடிந்தது, காம்பராவைத் தோட்டத்தில் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். செல்வமலர் நிலையத்துக்கு வருவதை நிறுத்தினாள். அவள் இப்போது எங்கே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்பா செத்த பிறகு கொழும்புப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை ஆட்ட இருந்தாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது, புது டிஸ்க் வந்த கிழமையில்.

டிஸ்க் வந்ததும் ஐயா பார்சலை உடைத்துக்கூடப் பார்க்கவில்லை. "வாரும், போவம்," என்றார். நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன், கேட்கவில்லை. பசறை தாண்டி வளைவுகளில் பஸ் ஆடினது, அவருக்கு இரண்டு தடவை வாந்தி. தோட்டத்து ஏற்றத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவர்கள் இருந்த லயத்துக் காம்பராவுக்கு முன்னால் இப்போது வேறு யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். கீழ் லயத்தில் அவளுடைய சித்தி வீட்டு இஸ்தோப்புத் திண்ணையின் ஒரு மூலையைச் சாக்கால் மறைத்து, தகப்பனும் மகளும் அங்கே இருந்தார்கள். தகப்பன் சுருண்டு படுத்திருந்தார். அவள் அவருடைய காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"டிஸ்க் வந்திட்டுது, பிள்ளை," என்றார் ஐயா. நின்றபடியே சொன்னார், உட்கார இடமில்லை. "அந்தக் கடிதமும் இருக்கு. வேற அலுவலகங்களுக்கு எழுதியிருக்கிறன். லைசன் உமக்குத்தான். வேற ஒருதருக்கும் குடுக்கமாட்டன்."

அவள் கேட்டாள். கோபம் இல்லை. விலை விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஐயா, அன்னைக்கு ஃபாரூக் நானா சிடியைப் போட்டிருந்தா எனக்கு அந்த வேல கெடச்சிருக்குமா?"

பொய் சொல்லுங்கள் ஐயா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவருடைய கை என் முழங்கையில் இறுகினது.

"கிடைச்சிருக்கும்," என்றார்.

தகப்பன் இருமினார். அவள் கையால் துழாவி, கீழே கிடந்த இன்னொரு சாக்கை இழுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள்.

"லெச்சுமிக்கா, நாலு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ்ஸு கெடையாது," என்றாள். "எறக்கத்துல வழுக்கும். ஐயாவைப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க."